காந்தப்புலம் நீந்தும் நுண்துகளை இழுக்கிறதா, திருப்புகிறதா?

தானாக நீந்தும் கூழ்மத் துகளை, அதாவது திரவத்தில் மிதக்கும் நுண்ணிய துகளை, காந்தம் இழுத்துச் செல்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சீரான காந்தப்புலம் துகளைத் திருப்ப மட்டுமே செய்யும், அது சுக்கான். துடுப்பு வேறு: ஒரு பக்கம் பிளாட்டினம் பூசிய துகளை ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் விட்டால், அந்தப் பக்கத்தில் நடக்கும் வேதிவினையே அதை நகர்த்துகிறது.

சிக்கல் திசையில்தான். நீர் மூலக்கூறுகள் ஓயாமல் மோதுவதால், 2 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டை சுமார் 6 விநாடியில் தன் திசையை மறந்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் வழி தவறிய எறும்பு போல அலையும்.

2005இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிளாட்டினமும் தங்கமும் சேர்ந்த நுண்தண்டுகளுக்குள், புலம் திருப்பிப் பிடிக்க ஏதுவாக, காந்த உலோகமான நிக்கல் துண்டுகளை வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இதுதான்: துண்டின் தடிமன் தண்டின் விட்டத்தைவிடக் குறைவு. அதனால் நிக்கலின் காந்தமாக்கம் தண்டின் நீளத்துக்குக் குறுக்காக அமைகிறது; அது புலத்தின் திசையில் திரும்பி நிற்கிறது. எனவே தண்டு புலத்துக்குச் செங்குத்தாகவே நீந்துகிறது.