‘ரங்கூன்’ திரைப்படத்தின் நிறை குறைகள் எவை?

விஷால் பரத்வாஜ் இயக்கி 2017இல் வெளிவந்த ‘ரங்கூன்’ என்ற இந்திப் படம், இரண்டாம் உலகப் போர்க்காலக் காதல் கதையாக வெற்றி பெற்றதா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்று யாங்கோன் எனப்படும் ரங்கூனில் பிறந்து வளர்ந்த தமிழன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

படத்தின் பெரும்பலம் அதன் காட்டுப் பகுதி. பிரிட்டிஷ் படையினரை மகிழ்விக்க இந்திய-பர்மா எல்லைக்கு அனுப்பப்படும் நடிகை ஜூலியாவும், அவளுக்குக் காவலாக வரும் ஜமேதார் நவாப் மாலிக்கும் விமானத் தாக்குதலில் மற்றவர்களைப் பிரிந்து தவிக்கும்போது, சேறு அப்பிய உடல்களோடு அவர்களுக்கிடையே வளரும் நெருக்கத்தை, வசனத்தை அதிகம் நம்பாமல், ஈரத்தையும் மங்கிய ஒளியையும் கொண்டே பங்கஜ் குமாரின் ஒளிப்பதிவு உணர்த்திவிடுகிறது. கங்கனா ரனாவத்தின் நடிப்பும் அங்கேதான் உச்சம் தொடுகிறது.

பிற்பகுதி தடுமாறுகிறது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்குச் சேர வேண்டிய ஒரு வாளே கதையைக் கைப்பற்றிக்கொள்ள, காதல் ஓரங்கட்டப்படுகிறது.

எனக்குப் பெருங்குறையாகப் படுவது வேறொன்று. பெயரில் ரங்கூன் இருந்தும், ஊரும் அதன் மக்களும் கதையில் ஏறக்குறைய இல்லை. 1944 ஜனவரியில் நேதாஜி தம் தலைமையகத்தை இங்கேதான் மாற்றினார். அவர் படையில் மலாயா, பர்மாத் தமிழர்கள் ஏராளமாக இருந்தனர். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்களும் அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். அதற்கு முன், 1942இல், லட்சக்கணக்கான இந்தியர்கள் எல்லைக் காடுகள் வழியே கால்நடையாகவே வெளியேறினர். வழியில் மாண்டவர் பலர். போருக்குப் பின் இங்கே திரும்பி வந்த என் அப்பாயி, அந்த நடையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முழங்கால்வரை ஏறிய சேற்றைத்தான் முதலில் சொல்வார். படத்தில் வரும் சேற்றில் அந்த மக்களின் காலடியைத் தேடினேன், ஓரிடத்திலும் தென்படவில்லை.