கஷாயத்தின் கருமை வீரியமன்று

கேள்வி: கத்தரியில் அசுவினியும் வெள்ளை ஈயும் மிகுந்துள்ளன. சென்ற பருவத்தில் வேப்பிலையையும் நொச்சி இலையையும் இடித்து ஓர் இரவு ஊறவைத்துத் தெளித்தபோது ஓரளவு குறைந்தன. இம்முறை வீரியம் கூடட்டும் என்று ஆழ்துளைக் கிணற்று நீரில் இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்துப் பாதியாகச் சுண்டச் செய்தேன். கஷாயம் நன்கு கறுத்து வந்தது. கேனில் ஊற்றி வைத்து மூன்று வாரம் கழித்து அடித்தேன். மறுநாளும் பூச்சிகள் அப்படியே இருந்தன. இன்னும் எவ்வளவு நேரம் கொதிக்கவைக்க வேண்டும்? கடையில் தரும் அடர்சாற்றைக் கலக்கலாமா?

பதில்: கொதிக்கவைக்கவே வேண்டாம். சென்ற பருவத்தில் சரியாகச் செய்ததை இந்தப் பருவத்தில் நீங்களே அடுப்பில் ஏற்றிக் கெடுத்துக்கொண்டீர்கள். நொச்சியின் மணம் ஆவியாகும் எண்ணெயிலிருந்து வருவது. திறந்த பாத்திரத்தில் இரண்டு மணி நேரம் கொதித்தால் அது வீட்டைச் சுற்றி மணக்குமே தவிர, கேனில் தங்காது. வேம்பில் பூச்சியைக் கட்டுப்படுத்தும் முக்கிய வேதிப்பொருளான அசாடிராக்டினோ சூட்டில் சிதையும் பொருள். கஷாயத்தைக் கறுக்கச் செய்தவை சிதைந்த பச்சையமும் துவர்ப்புப் பொருள்களும்தான். அவற்றைக் கண்டு அசுவினி அஞ்சுவதில்லை.

சீனாவில் மலேரியாவுக்கு மருந்து தேடிய து யூயூவுக்கும் மூலிகையைக் கொதிக்கவைத்த சாறு நிலையான பலன் தரவில்லை. மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லும் ஒரு பழைய மருத்துவக் குறிப்பைப் படித்தபின், மிகக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு அவர் பிரித்தெடுத்த சாறு 1971இல் விலங்குச் சோதனையில் முழுப் பலன் தந்தது. அந்தப் பணிக்கு 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது? அடுப்பின் நேரத்தைக் கணக்கிடுபவர்கள் கிணற்று நீரின் கார அமில நிலையை, அதாவது பிஎச் அளவை, ஒருபோதும் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். அசாடிராக்டின் பிஎச் 4 முதல் 6 வரையிலான இளம் அமில நிலையில்தான் ஓரளவு நிலைத்திருக்கும். 8ஐத் தாண்டிய உப்பு நீரில், அதுவும் சூடு சேர்ந்தால், சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி அழிந்துவிடும். ஆகவே இலையை எடுக்கும் முன் பிஎச் தாளை எடுங்கள். ஒரு லிட்டர் நீரில் வினிகரைச் சிறிது சிறிதாக விட்டு 5.5 அளவில் நிற்க எவ்வளவு தேவை என்று பார்த்து, அந்தக் கணக்கில் முழு நீரையும் திருத்திய பிறகே ஊறவையுங்கள். மழைநீர் இருந்தால் பெரும்பாலும் இந்த வேலையே இல்லை. பழைய கோமியத்தில் ஊறவைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நாள்பட்ட கோமியம் அம்மோனியா சேர்ந்த காரநீர்.

ஊறல் ஓர் இரவு போதும். ஒரே முறை நிறைய நீர் ஊற்றுவதைவிட, அதே நீரை இரண்டாகப் பிரித்து இருமுறை ஊறவைத்துப் பிழிந்தால் கூடுதலாக இறங்கும். இலையை மாவாக அரைக்க வேண்டாம், வடிதுணி அடைக்கும். வடித்ததை அன்று மாலையே தெளியுங்கள், ஏனெனில் வெயிலிலும் அசாடிராக்டின் அழியும். சோப்புக் கரைசலைத் தெளிக்கும் தறுவாயில் மட்டும் கலக்குங்கள். அது காரத்தன்மை உடையது. திரிந்தால் அந்த சோப்பு வேண்டாம்.

இதையெல்லாம் செய்தாலும் வேப்பிலையில் அசாடிராக்டின் சொற்பமே. அது செறிந்திருப்பது விதைப் பருப்பில். 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டரில் ஊறவைத்து வடித்து, 100 லிட்டராக்குவதே நான் பரிந்துரைப்பது.

கடை அடர்சாற்றைப் பொறுத்தவரை, அசாடிராக்டின் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்பதும் தயாரித்த தேதியும் அச்சிடப்படாத புட்டியைத் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் பச்சை நிறத்தைக் காட்டி விற்பதற்காகவே ஒளி புகும் புட்டியில் அடைப்பவர், அந்த ஒளி சரக்கை என்ன செய்யும் என்பதை அறியாதவர், அல்லது அறிந்தும் கவலைப்படாதவர்.

மறுநாள் காலையில் பூச்சி உயிரோடிருப்பதைக் கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். வேம்பு உடனே கொல்லும் நஞ்சன்று. உண்பதைத் தடுத்து, குஞ்சுகள் தோலுரிப்பதைக் குலைக்கும். இரண்டு வரிசைகளைத் தெளிக்காமல் விட்டு, ஐந்தாம் நாள் இரு பக்கத்து இலைகளையும் திருப்பிக் குஞ்சுகளை எண்ணிப் பாருங்கள்.