இரண்டு பணம் கொடுத்தது மறுநாள்

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். தசமபாகம் ஒரு மாதமும் தவறியதில்லை. ஒரு முதியோர் இல்லத்துக்கும் தனியாக அனுப்புகிறேன். ஆனாலும் எங்கள் போதகர் மருத்துவமனை ஊழியத்துக்கு வாருங்கள், வீடு சந்திக்க வாருங்கள் என்று விடாமல் அழைக்கிறார். அதற்குத்தானே காணிக்கை கொடுத்து ஊழியர்களை வைத்திருக்கிறோம்? கொடுப்பதோடு என் கடமை முடியவில்லையா?
- வாசகர் ஒருவர், வேளச்சேரி, சென்னை

பதில்: முடியவில்லை, சகோதரரே.

லூக்கா 10-ஆம் அதிகாரத்தை எடுத்து, எரிகோவுக்குப் போகும் வழியில் கள்ளர் அடித்துப்போட்ட ஒருவனுக்கு நல்ல சமாரியன் செய்ததை வரிசையாக வாசியுங்கள். காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். கட்டுப்போட்டான். தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரித்தான். சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்தது மறுநாள் புறப்படும்போதுதான். நீங்களோ எரிகோ சாலைப் பக்கமே வராமல் சத்திரத்துக்கு மட்டும் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஊழியர்தான் இருக்கிறாரே என்கிறீர்கள். எருசலேம் சபையில் விதவைகள் சிலர் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், விடுபட்டபோது, அப்போஸ்தலர்கள் அந்த வேலையையும் தாங்களே சுமக்கவில்லை. சபையிலிருந்தே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். பந்தி விசாரிக்க, பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களைத் தேடினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஸ்தேவான் அந்த ஏழு பேரில் ஒருவர். ஒரு போதகர் ஒரு பைக்கை வைத்துக்கொண்டு எத்தனை வீட்டுக்குப் போவார்?

ஒரு நாள் காலையில் சென்ட்ரலுக்கு எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். வெளியூரிலிருந்து தனியாக வந்த பெரியவர் ஒருவர், ஓபி சீட்டையும் பழைய ஸ்கேன் கவரையும் பிடித்துக்கொண்டு, எந்த பிளாக், எத்தனையாவது மாடி என்று தெரியாமல் நின்றுகொண்டிருப்பார். டாக்டர் இருக்கிறார், மருந்தும் உண்டு, காசும் கேட்கமாட்டார்கள். “வாங்கய்யா, நான் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லத்தான் ஆளில்லை. ரத்தம் எடுக்க ஒரு வரிசை, எக்ஸ்ரேக்கு ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை. நடுவில் அவசரத்துக்குப் பாத்ரூம் போகவேண்டுமென்றால் பையை யாரிடம் கொடுப்பார்? உங்கள் ஜிபே அங்கே எதற்கும் உதவாது.

ரத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பது 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. எவ்வளவு பெரிய பணக்காரருக்கும் இன்னொருவர் கை நீட்டினால்தான் உண்டு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு அடிக்கடி தேவைப்படும் பிளேட்லெட்டை 5 நாளுக்கு மேல் சேமித்துவைக்கவும் முடியாது. உடல்நலம் இடங்கொடுத்தால், ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம். உங்களுக்கு வேலைப்பளு அதிகம் என்பதை நம்புகிறேன். ஆனால் இதற்கு ஒரு சனிக்கிழமை காலை போதும்.

பணம் அற்பமானதென்று நான் சொல்லமாட்டேன். வேலூரில் சி.எம்.சி.யை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடரின் மருத்துவமனை 1902-இல் திறக்கப்பட்டதே, அமெரிக்க வங்கியாளர் ஒருவர் தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரால்தான். அந்தக் கட்டடத்துக்குள் நின்று நோயாளிகளைத் தொட்டு வைத்தியம் பார்க்க ஒரு பெண் தன் ஆயுளையே கொடுக்க வேண்டியிருந்தது. மக்கெதோனியா சபையாரைப் பற்றிப் பவுல் எழுதும்போது, அவர்கள் தங்களைத்தாமே முன்பு கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தார்கள் என்கிறார். தரித்திரத்திலும் தாராளமாகக் கொடுத்தவர்களைப் பற்றிய வார்த்தை அது.

இன்னொன்று. பிறந்தநாளுக்குச் சிறுவர் இல்லத்துக்குப் போய், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பிரியாணிப் பொட்டலத்தோடு போட்டோ எடுத்துவிட்டு வருகிற வழக்கம் நம் சபைகளில் பெருகிவிட்டது. தயவுசெய்து அதை ஊழியம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வாராவாரம் கணக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க இங்கே தனியாக வாழும் இரண்டு பேரின் முகவரியைப் போதகரிடம் கேட்டு வாங்குங்கள். போனால் ஜெபம் பண்ணிவிட்டு உடனே எழுந்துவிடாதீர்கள். அவர்கள் பேசுவதைக் கேளுங்கள், எரியாத பல்பை மாற்றிக் கொடுங்கள். மத்திய அரசு ஓய்வூதியதாரர்கள் ஆயுள் சான்றிதழை இப்போது செல்போனில் முகத்தைக் காட்டியே பதிந்துவிடலாம். அது தெரியாமல் நவம்பர் மாதத்தில் ஆட்டோ பிடித்து வங்கிக்கு அலைகிறவர்கள் உங்கள் சபையிலேயே இருப்பார்கள். அதைச் செய்துகொடுக்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்?