ஆட்டிசம் உள்ள மகனை பி.காம். சேர்க்கலாமா?

கோத்தகிரி அம்மாவுக்கு,

மகனுக்கு பி.காமா, கம்ப்யூட்டர் கோர்ஸா என்று கேட்டிருந்தீர்கள். பச்சைத் தேயிலை எடைச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, ஃபேக்டரி போட்ட பணத்தோடு ஒத்துப் பார்ப்பது தம்பிதான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதானம்மா கணக்கு வேலை! தாராளமாக பி.காம். சேருங்கள்.

அதற்கு முன் மாற்றுத்திறனாளி சான்றிதழும் யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்கிவிடுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் உண்டு. சான்றிதழில் குறைபாட்டு அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத ஒதுக்கீடு உண்டு. ‘ஊரில் பேர் விழுந்துவிடுமே’ என்று தயங்குகிறீர்கள். அட்டையை யாரிடம் காட்டுவது என்பது உங்கள் விருப்பம். பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கும்போது கையில் இல்லாவிட்டால்தான் திண்டாட்டம்.

அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு. அதில் 1 சதவீதத்தை ஆட்டிசம், கற்றல் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, மனநோய் எனப் பலரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். விண்ணப்பிக்கட்டும், அதையே நம்பி வீட்டில் உட்கார வேண்டாம்.

வேலை தேடும்போது பதவியின் பெயரைவிட உட்காரப்போகும் இடத்தைப் பாருங்கள். ஒரே தேயிலை ஃபேக்டரியில் இலையை நசுக்கிச் சுருட்டும் சி.டி.சி. மெஷின் ஓடும் பக்கம் நின்றால் தம்பி காதைப் பொத்திக்கொள்வான். கணக்கு அறையில் நாள் முழுக்க இருப்பான். ஊட்டி லாட்ஜ் ரிசப்ஷன் என்று உறவினர் சொன்னாராமே, ஏப்ரல், மே சீசன் கூட்டத்தில் எனக்கே தலை சுற்றும். வேண்டாம்.

செமஸ்டர் லீவில் தெரிந்த ஃபேக்டரியில் ஒரு வாரம் உட்கார வையுங்கள். நேர்காணல் கேள்விகளைவிட வேலையைக் கொடுத்துப் பார்ப்பதுதான் இவர்களுக்குச் சரியான தேர்வு. முதலாளியிடம் மருத்துவ வரலாறு முழுக்க ஒப்பிக்க வேண்டாம். ‘கொஞ்ச நேரத்தில் முடிச்சுடு’ என்றால் தம்பிக்குப் பிடிபடாது. ‘11 மணிக்குள் இந்தக் கட்டுச் சீட்டைப் பதிந்து என் மேசையில் வை’ என்று எழுதிக் கொடுத்தால் முடித்துவிடுவான். இதைச் சொன்னால் போதும்.

அப்புறம் பஸ். ஊட்டி அரசு கலைக் கல்லூரி கிடைத்தால் தினமும் நீங்களே கூடப் போக முடியாது. இப்போதே சேர்ந்து போய்ப் பழக்குங்கள்; பிறகு நீங்கள் பின் சீட்டுக்கு மாறுங்கள்; அப்புறம் தனியாக விடுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து பஸ் நின்றால் எங்கே இறங்குவது, யாருக்குப் போன் செய்வது என்பதை ஒரு அட்டையில் எழுதிப் பையில் வைத்துவிடுங்கள்.