படிக்கத் தெரியாதவரும் சமரச மேசையும்: கேள்வி பதில்

சமரசம் என்றால் வாய்ப்பேச்சுதானே? எழுத்தறிவு எதற்கு?

பேச்சு நடுவில் மட்டும்தான். முன்னும் பின்னும் காகிதம்: அழைப்புக் கடிதம், படிவம், கடைசியில் ஒப்பந்தம். கடிதம் புரியாமல் வராமல் போனவரை ‘சமரசத்துக்கு விருப்பமில்லை’ என்று எழுதி, சமரசம் செய்துவைக்கும் நாங்கள் கோப்பை மூடிவிடுகிறோம். பாவம், அவர் மறுக்கவே இல்லை.

படிக்கத் தெரியாது என்று அவரே சொல்லலாமே?

சொல்ல மாட்டார். “கண்ணாடியை மறந்துவிட்டேன்”, “வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்” என்பார். அதற்காக எதிர்த்தரப்பின் முன்னால் ‘படிக்கத் தெரியுமா?’ என்று கேட்டு மானத்தை வாங்கிவிடாதீர்கள். நான் யார் வந்தாலும் முழுவதையும் வாசித்துவிடுவேன். படித்தவர்கள் சலித்துக்கொள்வார்கள், போகட்டும்.

எழுத்து சரி, கணக்கு எங்கே வருகிறது?

அதிகம் ஏமாறுவதே அங்கேதான். ‘மாதம் 2 சதவீத வட்டி’, ‘ஆண்டுக்கு 18 சதவீத வட்டி’ என்று இரண்டையும் வைத்தால், 2 சின்ன எண் என்று அதற்குத் தலையாட்டுகிறவர்கள் உண்டு. அது ஆண்டுக்கு 24. இன்னொன்று: இப்போதே 50,000, அல்லது மாதம் 2,000 வீதம் 30 மாதம். கூட்டினால் தவணையில் 60,000 வரும். ஆனால் இரண்டரை வருடக் காத்திருப்பும், நடுவில் நின்றுபோகும் ஆபத்தும் அந்தக் கூட்டலில் தெரியாது. நான் 30 கட்டம் வரைந்து, “பத்தாவது கட்டத்தோடு நின்றால் கையில் எவ்வளவு?” என்று கேட்பேன். 20,000 என்றதும் பேச்சே மாறும்.

ஒருவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது பாரபட்சம் ஆகாதா?

இருவர் முன்னிலையில் போட்டால் ஆகாது. ‘இதை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்றால் ஆகும். ஆலோசனை தேவைப்பட்டால் பேச்சைத் தள்ளிவைத்து, நம்பிக்கையானவரை அழைத்து வரச் சொல்லுங்கள். வாசித்துக் காட்ட வருகிறவருக்கே தகராறில் உள்ள பணத்திலோ சொத்திலோ பங்கு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘புரிந்ததா?’ என்று கேட்டால் போதாதா?

எல்லோரும் “புரிந்தது” என்றுதான் சொல்வார்கள். “என்ன முடிவானது என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?” என்று கேளுங்கள்.

ஒப்பந்தத்தைக் குரலில் பதிவு செய்தால் செல்லுமா?

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். எல்லை கடந்த வணிகத் தகராறுகளின் சமரச ஒப்பந்தங்களுக்கான 2018 சிங்கப்பூர் உடன்படிக்கை, எந்த வடிவில் பதிவானாலும் அதை ‘எழுத்து’ என்று ஏற்கிறது. ஆனால் தரப்பினரின் கையொப்பத்தையும் கேட்கிறது. அதனால் காகிதத்தில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, ஒப்பந்த விதிகளை வாசிப்பதை மட்டும் பதிவு செய்து இருவருக்கும் கொடுங்கள். பேரம் பேசியதைப் பதிவு செய்ய வேண்டாம், அது ரகசியம்.