வெள்ள இரவில் அனுப்பிய ஆடியோ: மன்னிப்புக் கடிதம் எழுதித் தரலாமா?

கேள்வி: மதுரை செல்லூரில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவின் அட்மினும் நான்தான். கனமழை பெய்த இரவில், தண்ணீரை இறைக்க மோட்டார் வரவில்லை என்று சொல்லி, முழங்கால் அளவு நீரில் நின்று எடுத்த வீடியோவைக் குழுவில் போட்டேன். வைகை அணைக்கு மூன்றாம் வெள்ள அபாய எச்சரிக்கை விடப்பட்டிருந்த நாள் அது. சற்று நேரத்தில், "அணையை மொத்தமாத் திறந்துட்டாங்க, விடியறதுக்குள்ள கரை உடைஞ்சிரும்" என்று ஒரு ஆடியோ வந்தது, அதையும் அனுப்பிவிட்டேன். பொய் என்று தெரிந்ததும் அரை மணி நேரத்தில் மறுத்து எழுதினேன். இப்போது காவல் நிலையத்திலிருந்து போனில் அழைத்து, செல்போனோடு வந்து மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: வீடியோவையும் ஆடியோவையும் ஒரே குற்றச்சாட்டாகச் சேர்த்துப் பேச இடம் கொடுக்காதீர்கள். வீடியோவில் இருப்பது நீங்கள் கண்ணால் கண்டது. மோட்டார் வரவில்லை என்பது ஒரு குடிமகனின் குறை. கொரோனா இரண்டாம் அலையின்போது, ஆக்சிஜன் கிடைக்கவில்லை, படுக்கை இல்லை என்று சமூக ஊடகத்தில் எழுதியவர்களைப் பொய்த் தகவல் பரப்புவோர் என்று சொல்லி ஒடுக்கினால் அதை நீதிமன்ற அவமதிப்பாகக் கருதுவோம் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 30 அன்று எச்சரித்தது. ஆக்சிஜன் கேட்டவருக்கு உள்ள நியாயம் மோட்டார் கேட்டவருக்கும் உண்டு என்பதே என் கருத்து.

சிக்கல் ஆடியோவில்தான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 353(1) பிரிவின்படி, பொய்த் தகவலையோ வதந்தியையோ பரப்புவதற்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் உங்களுக்குப் பொருந்தக்கூடிய அதன் உட்பிரிவில், மக்கள் அஞ்சினார்கள் என்பது மட்டும் போதாது. அந்த அச்சத்தால் அரசுக்கோ பொது அமைதிக்கோ எதிரான குற்றத்தைச் செய்ய யாரேனும் தூண்டப்படக்கூடிய நிலை இருந்திருக்க வேண்டும். தெருக்காரர்கள் பயந்துபோய்ப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியது அந்த வகையில் சேராது. மேலும், உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, அத்தகைய உள்நோக்கமின்றி நல்லெண்ணத்தோடு பரப்பியவருக்கு அதே பிரிவு விலக்கு அளிக்கிறது. 71 அடி உயர அணையில் நீர் 69 அடியைத் தொடும்போதுதான் மூன்றாம் எச்சரிக்கை விடப்படும். அன்றிரவு அந்தக் குரலை நம்ப உங்களுக்குக் காரணம் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் தேட வேண்டியதில்லை.

நெருக்கமாகப் பொருந்தக்கூடியது பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 54-ஆம் பிரிவு. பீதியை உண்டாக்கும் பொய் எச்சரிக்கைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் என்கிற அப்பிரிவில், நான் சொன்ன விலக்கு எழுதப்படவில்லை. ஆயினும் அச்சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி, உரிய அரசு அதிகார அமைப்போ, 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்த ஒருவரோ புகார் அளித்தாலொழிய நீதிமன்றம் அக்குற்றத்தை விசாரணைக்கு எடுக்க இயலாது. உங்கள் வழக்கறிஞர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அட்மின் என்பதற்காகவே ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்ற நிலைப்பாட்டை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரில் எடுத்திருக்கிறது. எனினும் ஆடியோவை அனுப்பியவரே நீங்கள் என்பதால், மற்றவர்கள் போட்டதற்கு மட்டுமே அது உங்களுக்குத் துணை நிற்கும்.

மன்னிப்புக் கடிதம் வேண்டாம். இத்தகைய கடிதங்களில் வாசகம் பெரும்பாலும் எழுதுபவருடையதாக இருப்பதில்லை. எதிரில் இருப்பவர் சொல்லச் சொல்ல, "பொய் என்று தெரிந்தே அனுப்பினேன்" என்ற வரியும் உள்ளே வந்துவிடும். காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லாது என்று சட்டம் சொன்னாலும், முன்ஜாமீன் மனுவில் அரசுத் தரப்பு அந்த வரியைத்தான் முதலில் வாசிக்கும்.

அதற்காக நிலையத்துக்குப் போகாமல் ஒளியவும் கூடாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்கீழ், ஆஜராகச் சொல்லி எழுத்து மூலம் அறிவிப்பு கேளுங்கள். அது வந்ததும் வழக்கறிஞருடன் குறித்த நாளில் ஆஜராகுங்கள். போனைக் கைப்பற்றினால், அதைப் பதிவு செய்யும் ஆவணமான மகஜரில் அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை (ஐ.எம்.இ.ஐ.) எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள்.

இதற்கிடையில் எதையும் அழிக்காதீர்கள். பயத்தில் பலரும் முதலில் செய்வது அதுதான்; ஆடியோவோடு சேர்ந்து, உங்களைக் காப்பாற்ற வேண்டிய மறுப்பும் அதன் நேரக் குறிப்பும் போய்விடும். குழுவில் உள்ள வேறு இருவரிடம், அந்த இரவின் பதிவுகளைத் தங்கள் போனில் அப்படியே வைத்திருக்கும்படி இன்றே சொல்லிவிடுங்கள்.