மேடைக்கு ஒரு மிக்ஸ், வானொலிக்கு ஒரு மிக்ஸ்

வணக்கம்.

தொண்டிப் பக்கம் ஒரு சமூக வானொலியில் தன்னார்வலராக இருக்கிறேன். போன வருஷம் கடற்கரையில் நடந்த பாட்டு நிகழ்ச்சியை நேரடியாக ஒலிபரப்பினோம். அம்பா (மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடும் பாட்டு) பாடும் பெரியவர்கள், ஒரு பறைக் குழு, கிதாரோடு சொந்தப் பாட்டு பாடும் இளைஞர்கள் மூன்று பேர். வந்திருந்த கூட்டம் நன்றாக ரசித்தது. வானொலியில் கேட்டவர்களோ, "குரல் மட்டும் காதுக்குள் கத்துது, பறை எங்கேயோ தூரத்தில் கேட்குது, நடுவில் எல்லாமே அமுங்கி அமுங்கி வருது" என்றார்கள். இந்த வைகாசியில் மறுபடி நடத்துகிறோம். மைக் செட்டை மாற்றினால் சரியாகுமா?

எஸ்., தொண்டி

அன்புள்ள எஸ்.,

மைக் செட்காரர் மேல் தப்பில்லை. அவர் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் வானொலியில் கெட்டது. பறைக்கு ஸ்பீக்கர் தேவையில்லை, திடல் முழுக்க அதுவே கேட்கும். ஆகவே அவர் பறையின் மைக்கைக் கிட்டத்தட்ட மூடிவிட்டு, குரலையும் கிதாரையும் மட்டும் ஏற்றியிருப்பார். அந்த ஸ்பீக்கர் லைனையே நீங்கள் வானொலிக்குக் கொடுத்திருப்பீர்கள். திடலில் காற்றுவழி வந்த பறை அந்த லைனில் இல்லை.

ஆகவே வானொலிக்குத் தனி மிக்ஸ் (ஒலிக்கலவை) வேண்டும். மிக்சரில் 'ப்ரீ-ஃபேடர்' ஆக்ஸ் (ஃபேடர் என்ற ஒலியளவுக் குமிழுக்கு முன்பே ஒலியைப் பிரித்தனுப்பும் துணை வழி) ஒன்று காலியாக இருந்தால் அதிலிருந்து எடுக்கலாம். மேடைக்காக அவர் ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் உங்கள் லைன் அசையாது. இதைவிட நல்லது, ஒவ்வொரு மைக் லைனையும் ஸ்ப்ளிட்டர் வைத்து இரண்டாகப் பிரித்து, உங்கள் பங்கை வேறொரு மிக்சருக்குக் கொண்டுபோவது. அப்படிச் செய்தால் 48 வோல்ட் ஃபேன்டம் (சில மைக்குகளுக்கு மிக்சர் அனுப்பும் மின்சாரம்) ஒரு மிக்சரிலிருந்து மட்டுமே போகட்டும். அந்த இரண்டாவது மிக்சரில் உட்காருபவர் மேடைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. எவ்வளவு நல்ல ஹெட்போன் போட்டாலும் பறை அதைத் துளைத்துக்கொண்டு வரும். ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது என்று நினைத்து மிக்ஸில் குறைத்துவிடுவார். முப்பது மீட்டர் தள்ளி, கதவு சாத்திய ஓர் அறையோ நிறுத்திவைத்த வேனோ போதும்.

அமுங்கி எழுவது காற்றின் வேலை. வைகாசியில் கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) வீசத் தொடங்கிவிடும். மைக்கில் காற்று அடிப்பது கேட்பவர் காதுக்குப் பெரிதாகத் தெரியாத அடித்தொனி. ஆனால் டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் இருக்கும் லிமிட்டருக்கு (அளவு மீறும் ஒலியை அமுக்கும் கருவிக்கு) அது பெரிய சத்தம். அது ஒவ்வொரு வீச்சுக்கும் மொத்த ஒலியையும் அமுக்கும், பாட்டும் சேர்ந்து மூழ்கும். குரல் மைக் எல்லாவற்றிலும் 100 முதல் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். ஸ்பாஞ்ச் உறை கச்சானுக்குக் காணாது, அதன்மேல் ரோம உறை போடுங்கள். உங்கள் கரை கிழக்கைப் பார்த்தது. காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். மேடையின் முதுகு மேற்கே இருக்கட்டும், பின்னால் பிளக்ஸ் பேனர் கட்டாதீர்கள். அது பாய் மாதிரி காற்றைப் பிடித்துப் படபடக்கும், அந்தச் சத்தமும் மைக்கில் ஏறும். தென்னங்கீற்றுத் தட்டி கட்டினால் இடுக்கு வழியே காற்று உடைந்து வரும். (விளம்பரதாரர் பெயரை மேடைக்குப் பக்கவாட்டில் தொங்கவிட்டுச் சமாளியுங்கள்.)

பறைக்கு மைக்கை ஒட்டி வைக்காதீர்கள். ஆட்டக்காரர்கள் நகர்வார்கள். நான்கைந்து அடி முன்னால், தலைக்கு மேல் உயரத்தில் இரண்டு மைக் போதும். கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும், காய்ச்சியே ஆக வேண்டும். நெருப்பு மேடைக்குப் பின்னால், தட்டிக்கு எட்டாத தூரத்தில். குழுவின் முறைக்குச் சற்று முன்னால் காய்ச்சினால்தான் பயன். சாயங்காலம் காய்ச்சிய பறை இரவு எட்டு மணிக்குத் தொளதொளவென்று ஆகியிருக்கும்.

அம்பா வேறு வகை. அது கைவேலையோடு பிறந்த பாட்டு. கரைவலை இழுக்கும்போது முன்னோடி ஒரு அடி எடுப்பார், இழுப்பின் விசையில் மற்றவர்கள் வாங்குவார்கள். மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தால் தாளம் தொய்ந்து, இரண்டாவது பாட்டிலேயே வேகம் குறைந்துவிடும். ஒரு வலைக்கயிற்றைக் கட்டி, நிற்கவைத்து, கையில் கொடுங்கள். முன்னோடிக்குத் தனி மைக், வாங்கிப் பாடுபவர்களுக்கு அரைவட்டத்தின் நடுவே ஒரே மைக். ஒத்திகையில் மெல்லப் பாடுவார்கள், கூட்டத்தைக் கண்டதும் குரல் இருமடங்கு ஏறும். ஆகவே ஒத்திகையில் டிஜிட்டல் மீட்டரில் உச்சம் மைனஸ் 18 டெசிபலைத் தாண்டாதபடி அளவு வையுங்கள்.

கிதார்க்காரர்களும் அம்பாக் குழுவும் சேர்ந்து ஒரு பாட்டு பாடும் யோசனை இருந்தால், சுருதி பெரியவர்களுடையதாகவே இருக்கட்டும். முன்னோடி ஒருமுறை ஓசையிட்டுக் காட்ட, கிதார்க்காரர் கேபோவை (கிதார் கழுத்தில் மாட்டிச் சுருதி ஏற்றும் கவ்வியை) நகர்த்திப் பிடிக்கட்டும். சுருதி கிதாரின் இரண்டு கட்டைக்கு (ஃப்ரெட்டுக்கு) நடுவில் விழுந்தால் கேபோ உதவாது, தந்திகளையே சற்று இறக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிஷம் பிடிக்கும், அறிவிப்பாளர் பேசி நிரப்பட்டும். கிதாரை நீளமான சாதாரண ஒயரில் மிக்சருக்கு இழுத்தால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் வரும். டிஐ பாக்ஸைப் (கிதார் ஒலியை நீள ஒயரில் உறுமல் இல்லாமல் போகும்படி மாற்றும் சிறு பெட்டியை) பாடுபவர் காலடியிலேயே வையுங்கள். கிதாருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியை அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.

ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும் இடைவெளியில் வானொலியில் இரைச்சல் வராமல் இருக்க, மேடையை இடம், வலம் என்று பிரியுங்கள். இடப்பக்கம் ஒருவர் பாடும்போதே வலப்பக்க மைக்குகளை வானொலி மிக்சரில் ஹெட்போன் வழியாக மட்டும் சோதித்துவிடலாம். கைதட்டலுக்கு இரண்டு மைக் மேடை விளிம்பிலேயே கூட்டத்தைப் பார்த்து இருக்கட்டும். கூட்டத்தின் கடைசியில் வைத்தால், ஒலி 17 மீட்டரைக் கடக்க 50 மில்லிசெகண்ட் ஆகும், பாட்டு இரட்டையாகக் கேட்கும்.

திடலிலிருந்து நிலையத்துக்கு செல்போன் இணையத்தை மட்டும் நம்பாதீர்கள். கூட்டம் சேர்ந்து வீடியோ அனுப்ப ஆரம்பித்ததும் டவர் திணறும். பக்கத்து வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் கேட்டு வாங்குங்கள். அதுவும் அறுந்தால் போட, ஒத்திகைப் பதிவு நிலையத்தில் தயாராக இருக்கட்டும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. அன்று இரவு ஸ்டீரியோவை அணைத்து மோனோவில் (ஒற்றைத் தடத்தில்) அனுப்புங்கள். சமூக வானொலிக்கு வழக்கமாக 50 வாட் டிரான்ஸ்மிட்டர், ஆண்டெனாவுக்கு அனுமதி அதிகபட்சம் 30 மீட்டர் உயரம். அந்த உயரத்துக்குக் கடல்மேல் நேர்கோட்டுப் பார்வை சுமார் 20 கிலோமீட்டர் போகும், ஆனால் சிக்னல் மெலிந்த இடத்தில் ஸ்டீரியோ முதலில் இரைச்சலாகும். வைகாசி முழுக்க மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். நாட்டுப்படகுகள் கடலில் இருக்கும், அவர்கள் கையில் இருப்பது ஒற்றை ஸ்பீக்கர் டிரான்சிஸ்டர் அல்லது போன். போனில் எஃப்எம் கேட்க ஹெட்போன் ஒயர் செருக வேண்டும், அதுதான் ஆண்டெனா. இதை முன்கூட்டியே நாலு நாள் அறிவியுங்கள்.

ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நிற்க வேண்டும், ஒன்பதரைக்கே முடிப்பதாகத் திட்டமிடுங்கள். நிகழ்ச்சிப் பதிவை மூன்று மாதம் வைத்திருப்பது விதி. பாடுபவர் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நேரடி ஒலிபரப்புக்கு ஒரு வரி, பின்னால் யூடியூபில் ஏற்ற வேறொரு வரி. முதலாவதுக்குச் சம்மதித்தவர் இரண்டாவதுக்குச் சம்மதித்ததாக ஆகாது. இளைஞர்களில் யாராவது ஐபிஆர்எஸ் (பாட்டு எழுதுபவர், இசையமைப்பவர் சார்பில் உரிமைத்தொகை வசூலிக்கும் அமைப்பு) உறுப்பினரா என்றும் கேளுங்கள். உறுப்பினர் என்றால் தன் பாட்டின் ஒலிபரப்பு உரிமையை அந்த அமைப்புக்குக் கொடுத்திருப்பார், அவர் சம்மதம் மட்டும் போதாமல் போகலாம். அம்பாக்காரர்களிடம் காகிதத்தை நீட்டிக் கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள், படித்துக் காட்டுங்கள். பணமும் கிதார்க்காரருக்குக் கொடுப்பதற்குக் குறையாமல் கொடுங்கள்.

உங்கள் மிக்சரின் மாடல் என்ன, ஆக்ஸ் எத்தனை என்று எழுதுங்கள். ஸ்ப்ளிட்டர் வாங்காமல் முடியுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.